சராசரிச் சுவர்

மார்ச் 3, 2091. காலை 6:10
நிலவு நிலையம். பதிவு செய்பவர்: மங்கையர்க்கரசி, பாலிமர் வேதியியல். நிலையத்தில் நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சரி. வெப்பநிலை சரி. பாலிமர் சுவர் இறுக இறுக நொறுங்கும். இறுகும் வினை இதுவரை சராசரியாக நான்கு சதவீதம் நடந்திருக்கிறது. இருபதைத் தாண்டினால் ஆபத்து. பதினான்கு ஆண்டு தாங்கும் என்கிறது சென்னைத் தலைமையகத்தின் கணித மாதிரி. எழுதியவர் இயக்குநர் சபாநாயகம். பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

மார்ச் 5. மாலை 4:40
சுவரைச் சாண் சாணாக அளந்தேன். நான்கு சதவீதமாவது, மண்ணாங்கட்டியாவது! மொத்த வினையும் வடக்கு ஓரத்தில் ஒரே பட்டையாகக் குவிந்திருக்கிறது. அங்கே எழுபது. மகானுபாவர் தன் சமன்பாட்டைக் குடுவைக் கரைசலில் சோதித்துவிட்டு அப்படியே சுவருக்குப் போட்டிருக்கிறார். கரைசலில் மூலக்கூறு எங்கும் அலையும். திண்மத்தில் அது நெரிசல் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஆள். பக்கத்தில் நிற்பவனோடு மட்டும்தான் சண்டை போட முடியும். வினை அப்படித்தான் தொற்றித் தொற்றிப் பரவும். முதுகலை மாணவனுக்கே தெரியும் இது.

மார்ச் 6. காலை 9:15
சபாநாயகத்தின் பதில்: "என்னம்மா நீ, ஒரு மூலையப் பாத்துட்டு பயப்படுற? சராசரி நாலுதானே. நல்லா தூங்கி எந்திரி, சரியாயிடும்."
இவருக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.
நாளை விண்கப்பலில் நான்கு பேர் இங்கே இறங்குகிறார்கள். இறங்கிவிட்டால் திரும்ப எரிபொருள் கிடையாது. கப்பலின் தலைவி ரெஜினாவிடம் சொன்னேன். தூத்துக்குடிக்காரி, சிரிக்கிறாள்: "ஆபீஸ்ல சரின்னு சொல்லிட்டாவக்கா. நீங்க தனியா கெடந்து பதறாதீய. நாளைக்கு வந்துருவோம்."
எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 7. காலை 10:02
நிலையத்தில் காற்றழுத்தம் போனால் கப்பல் தானாகத் திரும்பிவிடும். அதற்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டாம். கதவைத் திறந்து காற்றை வெளியேற்றினால், எனக்குப் பைத்தியம் என்று சொல்லி அடுத்த குழுவை அனுப்புவார்கள். கேமரா பார்க்கச் சுவரே உடைய வேண்டும். விண்வெளி உடை போட்டாயிற்று. கையில் சாப்பாட்டுக் கரண்டி.

10:09
இரண்டாவது தட்டிலேயே உடைந்தது. பதினான்கு ஆண்டாம். த்தூ.

10:31. குரல் பதிவு
ரெஜினா: "அக்கா, கப்பல் திரும்புது. சுவர் ஒடஞ்சதப் பாத்தோம். ஒங்கள விட்டுட்டு எப்பிடிக்கா... உடை போட்டிருக்கியளா? காத்து இருக்கா?"
காற்று இருக்கிறது, ரெஜினா. உடையின் கழுத்து வளையமும் அதே பாலிமர்தான். இயக்குநர் விசாரித்தால், தலையைத் திருப்பாமல் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சொல். வலப்பக்கம் ஏதோ விரிச