ஆரத்தித் தட்டில் பிழிந்த எலுமிச்சை

இன்று காலை ஒரு முக்கியமான முடிவு எடுத்தேன், டீச்சர். வேட்டியில் சிந்திய சாம்பார்க் கறையை யாருடைய உதவியையும் நாடாமல் நானே கழுவுவது என்பதே அந்த முடிவு. வீட்டில் எல்லோரும் சரவணம்பட்டிக்கு, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே தீர்மானத்தை முன்மொழிந்தவனும் வழிமொழிந்தவனும் நானே. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. துணி சோப்பை எடுத்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு உரிய நிதானத்துடன் கறையைத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாக மாறியது.

பக்கத்து வீட்டு அம்மணி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கைய வெட்டிப் போட்டீங்களா?" என்று பதறினார்.

"இல்லைங்க, இது வேதியியல்" என்றேன்.

அவர் உடனே உள்ளே போய்விட்டார். அந்தச் சொல்லுக்கு மனிதர்களை விரட்டும் ஆற்றல் இன்னும் குறையவில்லை.

எலுமிச்சம்பழம் எடுக்க அடுக்களைக்குப் போனேன். பழத்தை நறுக்கியதும் வந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள். நீங்கள் மறைந்த செய்தி மேட்டுப்பாளையத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாச் சடங்குகளும் முடிந்திருந்தன. துக்கம் விசாரிக்க யாரிடம் போவது என்று தெரியவில்லை. அதனால் உங்களிடமே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிங்காநல்லூர்ப் பக்கம் நம் பள்ளி. எனக்கு அங்கே பெயர் கிடையாது, 'தமிழய்யா'தான். உங்களுக்கும் பெயர் கிடையாது, 'சயின்ஸ் டீச்சர்'. உங்களை எடுத்தது தற்காலிகமாக. உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் அந்த ஆண்டு சங்கு ஊதுவது நின்றுபோயிருந்தது. காலையில் மில் சங்கு கேட்டு எழுந்து பழகிய மனிதர், சங்கு இல்லாததால் இன்னும் சீக்கிரமாக எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார் என்று ஒருமுறை சொன்னீர்கள். அதைப் பற்றி நீங்கள் பேசியது அவ்வளவுதான்.

நம் பள்ளியின் அறிவியல் ஆய்வகம் ஒரு மர பீரோ. மழைக்காலத்தில் அதன் மரம் ஊறிப் பெருத்து, இழுப்பறை திறக்காது. நீங்கள் சேர்ந்த வாரத்தில் மழை. தலைமையாசிரியர் எட்டாம் வகுப்பிலிருந்து திடகாத்திரமான நான்கு பேரை அழைத்து, "ஒரே மூச்சுல இழுங்கடா!" என்று கட்டளையிட்டார். ஒரே மூச்சில் இழுத்தார்கள். கைப்பிடி மட்டும் தனியாக வந்தது. நான்கு பேரும் அதைப் பிடித்தபடி மல்லாந்து விழுந்தார்கள்.

நீங்கள் பீரோவை இரண்டு நாள் வெயில் படும் இடத்துக்கு நகர்த்தச் சொன்னீர்கள். மரம் காய்ந்து இழுப்பறை தானாக அசைந்ததும், அதை வெளியே எடுத்து, ஓரங்களில் மெழுகுவர்த்தித் துண்டால் நன்றாகத் தேய்த்தீர்கள். அதன்பிறகு ஒரு விரலால் தள்ளினாலே போதும், உள்ளே போய்விடும்.

"எதுகூடச் சண்டை போடறோம்னு பாத்துட்டுச் சண்டை போடோணுங்க, தமிழய்யா. இங்க நாம சண்டை போட்டது பீரோகூட இல்லீங்க, உராய்வுகூட" என்றீர்கள்.

தலைமையாசிரியர் அந்தக் கைப்பிடியைக் கடைசிவரை தம் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார்.

தை பிறந்ததும் ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. உங்கள் வகுப்பை அவர் உட்கார்ந்து பார்ப்பார். அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதினால் உங்கள் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் ஏப்ரலோடு சரி. பாடம், பொருள்களில் ஏற்படும் மாற்றங்கள். மெழுகு உருகி மறுபடி உறைவது மீள் மாற்றம். தாள் எரிந்து சாம்பலாவது மீளா மாற்றம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது பாடப் புத்தகத்தின்படி மீளா மாற்றம்.

ஆய்வு என்றால் ஒத்திகை உண்டு. அது நம் பள்ளியின் வழக்கம். நாடகத்துக்குக்கூட நாம் அவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை. தலைமையாசிரியரே பிரம்புடன் ஆறாம் வகுப்புக்குள் இறங்கினார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா?"

"சிவப்பு!"

"அது?"

"மீளா மாற்றம்!"

ஒரு வாரம் இது நடந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் காதிலும் விழுந்து, பாடம் அவருக்கும் மனப்பாடமாயிற்று. நேற்றைய வடையைச் சூடு பண்ணித் தரமுடியுமா என்று நான் கேட்டபோது, "அது மீளா மாற்றமுங்க" என்றார்.

ஒத்திகையின் நடுவில் ஒரு நாள் ஆசிரியர் அறையில் என்னிடம் வந்தீர்கள்.

"தமிழய்யா, புத்தகத்துல ஒண்ணு தப்பா இருக்குதுங்க."

"ஒண்ணுதானுங்களா?"

"வெளையாடாதீங்க. மஞ்ச சுண்ணாம்பு மீளாதுன்னு போட்டிருக்குது. எலுமிச்சை உட்டா மீண்டுருமுங்க. எங்கூட்ல சீலைக் கறையில எத்தனையோ தடவை பாத்திருக்கறேன்."

"அதிகாரி வந்துட்டுப் போயறட்டுங்க, டீச்சர். அதுவரைக்கும் மீளாமயே இருக்கட்டும்."

சிரித்தீர்கள். "சரிங்க. ஒரு நாளைக்குத்தானுங்களே. மீளாது" என்றீர்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துத்தான் அந்தச் 'சரி' என்பது எனக்கும் தெரியும்.

அந்த நாள் வந்தது. அதிகாரி காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் ஆரத்தித் தட்டோடு மகேஸ்வரி நின்றாள். உங்கள் ஆறாம் வகுப்பில் நல்ல பட்டுப்பாவாடை வைத்திருந்த காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை. வெள்ளை அம்பாசடர் கார் ஒன்று வந்து நின்றது. மேளம் இல்லாத குறைதான், தலைமையாசிரியர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, நான் எழுதிய வரவேற்புரையில் முதல் பத்தியை அவர் வாசித்து முடித்த பிறகு, வந்தவர் கூச்சத்துடன், "ஏனுங்க, இங்க கல்யாண மண்டபம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

ஆரத்தியை வீதியில் கொட்டியாகிவிட்டது. எலுமிச்சம்பழமும் கல்யாணத்துக்குப் போய்விட்டது. பழம் இன்னொன்று கடையில் கிடைத்தது. ஆனால் இரண்டாவது ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டுமே? உங்கள் பரிசோதனைக்காக மேசையில் வைத்திருந்த இரண்டு கிண்ணங்களையும் தலைமையாசிரியர் வழித்தெடுத்துக் கரைத்தார். நீங்கள் வந்து பார்த்தபோது கிண்ணங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"சார், நான் எதைங்க காட்டறது?"

"புள்ளைக வாயில இருக்குதுங்களே, டீச்சர். அதைக் காட்டுங்க" என்றார்.

அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். நல்ல மனிதர், களைத்த மனிதர். ஆரத்தி சுற்றி முடித்ததும் மகேஸ்வரி தண்ணீரை வீதியில் ஊற்றப் போனாள். நீங்கள் வேகமாக நடந்து போய் அவள் கையைப் பிடித்தீர்கள்.

"கண்ணு, ஊத்தீராத. அப்படியே வகுப்புக்குக் கொண்டா."

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், சுத்துன ஆலாத்திய உள்ள கொண்டுட்டு வரக்கூடாதுங்க! அவர் மேல இருந்த கண்ணெல்லாம் அதுலதானுங்க இருக்குது" என்று காதருகே வந்து கெஞ்சினார்.

"எனக்கு வேற மஞ்ச இல்லீங்களே, சார்" என்றீர்கள்.

இப்படியாக, ஓர் அதிகாரியின் மீது விழுந்த கண்ணேறு அனைத்தும் ஒரு தட்டில் சேகரிக்கப்பட்டு, ஆறாம் வகுப்பின் மேசைக்கு வந்து சேர்ந்தது. வகுப்பில் ஒழுங்கு காக்க என்னைப் பின்சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். அதிகாரி நாற்காலியில் அமர்ந்து, எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தார். பாடப் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெழுகு உருகியது, உறைந்தது. தாள் எரிந்தது, சாம்பலாகவே இருந்தது. பிறகு தட்டைத் தூக்கிக் காட்டினீர்கள்.

"இது எப்படிச் செவப்பாச்சு?"

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததால்!"

"இது என்ன மாற்றம்?"

"மீளா மாற்றம்!" ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர் டீக்கடையிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்து ஒலித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். 'திருப்தி' என்ற சொல் அந்தப் பேனாவின் முனைக்கு வந்துவிட்டதைப் பின்சுவரிலிருந்தே பார்த்தேன்.

அப்போது மகேஸ்வரி கை தூக்கினாள்.

"டீச்சர், எங்கம்மா இந்த மாதிரிச் செவப்பாப் போன கறையில எலுமிச்சங்கா தேய்க்குமுங்க. மஞ்சளாயிருமுங்க. அப்ப இது மீளுமுங்களா, மீளாதுங்களா?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. தலைமையாசிரியர் கதவோரத்திலிருந்து, உட்காரச் சொல்லுங்கள் என்று கையால் காட்டினார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், பிறகு அவளைப் பார்த்தீர்கள். இழுப்பறைக்கு மெழுகு தடவத் தெரிந்தவர் நீங்கள். 'நல்ல கேள்வி, நாளைக்குப் பாக்கலாம்' என்று ஒரு வரி தடவியிருந்தால் போதும், அந்த நாள் வழுக்கிக்கொண்டு முடிந்திருக்கும்.

அதிகாரியிடம் திரும்பினீர்கள்.

"ஏனுங்க சார், அந்தப் பழத்தைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அவர் எதற்கென்று தெரியாமலே எடுத்துக் கொடுத்தார். பாதியாக நறுக்கி, ஒரு சொட்டு விட்டீர்கள். சிவப்பின் நடுவே மஞ்சளாக ஒரு பொட்டு தோன்றியது. தட்டை அசைத்தீர்கள், பொட்டு மறைந்து மறுபடி முழுச் சிவப்பு. தலைமையாசிரியர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சுண்ணாம்பு இன்னும் மிச்சமிருக்குது, கண்ணுகளா. அதான் திரும்பிப் போகுது" என்று சொல்லிவிட்டு, மீதியையும் பிழிந்தீர்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் கலைந்தது. தட்டு முழுவதும் மஞ்சளாயிற்று.

பிள்ளைகள் எழுந்து பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். ஒழுங்கு காக்க நின்ற நானும் இரண்டடி முன்னே போயிருந்தேன்.

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். "புத்தகத்துல மீளாதுன்னு போட்டிருக்குதுங்களே, டீச்சர்?"

"ஆமாங்க சார். தட்டுல மீண்டுருச்சுங்களே."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேலதிகாரிகளுக்குத் தட்டை அனுப்ப முடியாது, புத்தகத்தை மட்டுமே மேற்கோள் காட்ட முடியும். பேனாவை மூடி வைத்துவிட்டு, நல்ல மனிதராகவே விடைபெற்றுக்கொண்டு போனார். 'பாடநூலுக்கு முரணாகக் கற்பிக்கிறார்' என்று அறிக்கை வந்தது. தலைமையாசிரியர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. சுற்றிய ஆரத்தியை உள்ளே கொண்டுவந்தால் வேலை போகும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

ஏப்ரல் முடிவில் உங்கள் குடும்பம் மேட்டுப்பாளையம் கிளம்பியது. அங்கே தனியார் பள்ளி ஒன்றில் வேலை, உங்கள் வீட்டுக்காரருக்குக் காய்கறி மண்டியில் ஏதோ ஓர் ஏற்பாடு. பஸ் ஏற்றிவிட வந்த நான், கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"வருத்தமில்லீங்களா, டீச்சர்?"

"வருத்தந்தானுங்க. வேலை போச்சில்லீங்களா" என்றீர்கள். ஜன்னலோர இடத்தில் பையை வைத்துவிட்டுத் திரும்பி, "அந்தப் புள்ள கை தூக்கிக் கேட்டுபோட்டா. உக்காருன்னு எப்படிங்க சொல்றது? நீங்கன்னா சொல்லீருப்பீங்களா?" என்றீர்கள்.

நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்தது. "வாரனுங்க, தமிழய்யா" என்றீர்கள். அதன்பிறகு பொங்கல் வாழ்த்து அட்டைகள் சில வந்தன, பிறகு அவையும் நின்றன. நேரில் பார்க்கவே இல்லை.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியவை பெரிய விஷயங்கள் அல்ல. என் மேசை இழுப்பறையில் இப்போதும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு கிடக்கிறது. மழைக்காலத்தில் மகள் வீட்டுக் கதவு இறுகினால் மருமகன் தோளால் இடிப்பார், நான் மெழுகைத் தேடுவேன். யாராவது ஒன்றை 'இது இனி மாறாது' என்று உறுதியாகச் சொன்னால், மறுத்துப் பேசுவதில்லை, வீட்டில் எலுமிச்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தயாராகவில்லை.

வேட்டிக் கறை மறுபடி மஞ்சளாகிவிட்டது. கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.

உங்கள் இடத்துக்கு அப்புறம் யாரையும் எடுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம் தமிழய்யாவுக்கு ஒதுக்கப்பட்டது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஆப்பிள் கொடுக்கப்பட்டது.