பாதியில் நின்ற கையெழுத்து

என் செல்லப் பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளா வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். அப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சு, வாய்தான் இன்னும் ஓயல.

பேசாம கையெழுத்தைப் போட்டுத் தொலைம்மா, குறையுற பணத்தை நான் அனுப்பறேன்னு போன்ல சொன்னே. உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனாலும் கோபம் வந்துச்சு, அதான் டக்குனு வச்சிட்டேன். நடந்ததை முழுசா கேளு. இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பத்தொம்பது வருஷமா விரிப்புக்கு இஸ்திரி போடறேன், மாசச் சம்பளம்னு எழுதிக் குடுத்துத்தான் வேலைக்கு எடுத்தாங்க. போன திங்கக்கிழமை வருகைப் பதிவேட்டு மேல ஒரு தாளை வச்சு க்ளிப் போட்டிருந்தாரு மேனேஜர். காலைல அவசரத்துல எவ படிச்சுப் பார்ப்பா? எனக்கு முன்னாடி நின்ன எட்டு பேரும் வழக்கம்போல போட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் பாதி போட்டுட்டுத்தான் பார்த்தேன், இனிமே கிலோ கணக்குல கூலி, மெஷின் ஓடாத நாளுக்கு ஒண்ணும் கிடையாது, இதுக்கு சம்மதம்னு இருக்கு. வந்துதே எனக்கு ஆத்திரம்! போட்டதை அடிச்சிட்டு, எனக்கு சம்மதமில்லைன்னு பக்கத்துலயே எழுதினேன். பாதி கையெழுத்தும் கையெழுத்துதான்னு சாதிக்கிறாரு அந்த மனுஷன்.

மறுநாள் லீவு போட்டுட்டு தொழிலாளர் அலுவலகம் போனேன். அங்க இருந்த அதிகாரியம்மா, நீங்க ஒத்துக்காம சம்பளத்தை மாத்தக்கூடாது, ஆனா வாயை மூடிக்கிட்டு வேலை செஞ்சா ஒத்துக்கிட்டதா சொல்லிடுவாங்க, மறுப்பை எழுத்துல குடுங்க, நகல் வச்சுக்குங்க, வேலையை மட்டும் விட்டுடாதீங்கன்னாங்க. அப்படியே மேனேஜருக்கு மறுப்பு எழுதிக் குடுத்தேன், அலுவலகத்துல ஒரு புகாரும் குடுத்தேன்.

முந்தாநாள் மேனேஜர் தனியா கூப்பிட்டு நாற்காலி போட்டாரு. பத்தொம்பது வருஷத்துல அதுதான் முதல் தடவை. உங்களுக்கு மட்டும் பழைய சம்பளமே தர்றோம், மறுப்பை வாபஸ் வாங்கிட்டு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு. ராத்திரி வீட்ல சொன்னப்போ அப்பாகூட ஒத்துக்கோயேன்னாரு. எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மடிக்கிற மேஜைல எனக்கு எதிர்ல நிக்கிறவ ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒத்தையா அல்லாடறா, அப்பறம் அவ முகத்துல எப்படி முழிப்பேன்? நேத்து மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்துல எல்லார்கிட்டயும் போட்டு உடைச்சிட்டேன். எதிர்ல நிக்கிற அவதான் முதல்ல, எனக்கும் ஒரு மறுப்பு எழுதிக் குடு அக்கான்னு பேனாவை நீட்டினா, மத்த ஏழு பேரும் பின்னாடியே வந்தாங்க.

வர்ற புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்துல விசாரணை. ஒன்பது பேரும் போறோம். நீ பணம் அனுப்பாதே, அனுப்பினா திருப்பி அனுப்பிடுவேன். உன் ஆபீஸ்லயும் எதையாவது நீட்டினா முழுசா படிக்காம போடாதே.

குறையில்லாம இருங்க ரெண்டு பேரும். புதன்கிழமை காலைல மறக்காம போன் பண்ணு. பாப்பா, நீ போயிட்டு வாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், போயிடுவேன்.

உன்னைப் பெத்தவ,
அம்மா