சீட்டுக்கட்டு ஒன்று

ஆவணி 9, திங்கள்

உயில் எழுதக் கடலூர் போனேன். சாட்சிக்கு மனைவியின் தம்பி செல்வத்தைக் கூட்டிப் போனேன். முப்பது வருஷமாகச் சேர்த்த கிரிக்கெட் கார்டுகள் மகளுக்கு. அவற்றின் விலை வீட்டில் யாருக்கும் தெரியாது என்றே இருந்தேன்.

எப்படிக் குறிப்பிடுவது என்று பத்திரம் எழுதுபவர் கேட்டார். செல்வம் முந்திக்கொண்டான். "சீட்டுக்கட்டு ஒண்ணுன்னு போடுங்க சார். வெலையெல்லாம் எழுதுனா பொண்ணுக்கு டாக்ஸ் ஜாஸ்தியாயிடும் மாமா."

உயிலில் வந்தால் வரி இல்லை, விற்றால்தான் என்று ஆடிட்டர் போன வாரமே சொல்லிவிட்டார். சீட்டுக்கட்டு என்று எழுதிவிட்டால், நாளைக்குக் கடையில் வாங்கிய ரம்மிக் கட்டை மகளிடம் நீட்டினாலும் உயில்படி சரிதான்.

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி, எழுதாமலே எழுந்துவிட்டேன். விவரம் தெரியாமல் சொல்லியிருப்பான் என்று சிதம்பரத்தில் வீடு வந்து சேரும்வரை மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போதுதான் உறைக்கிறது. அங்கே, நான் காட்டக் கொண்டுபோயிருந்த ஆல்பத்திலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பார்த்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்தில் விரல் படாமல், இரண்டு ஓரங்களையும் பிடித்து எடுத்தான்.

சீட்டாடும்போது எச்சில் தொட்டுப் பிரிக்கிறவன் அவன்.