வாசல் குழாய்

ஆவணி, செவ்வாய் இரவு

மகள் செல்வியின் புது முன்பல்லில் பழுப்புத் திட்டு. ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று ஒரு மாதமாக அவளைத் திட்டினேன். இன்று சிவகாசியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லங்க. பல்லு உருவாகையிலேயே மேல்பூச்சு கெட்டிருக்கு. சின்னதுல கடுங்காய்ச்சல் வந்துச்சா? போர்த் தண்ணி குடிக்கிறீகளா?" என்றார். இரண்டும் உண்டு. எது காரணம் என்பது, தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமா என்று சோதித்தால்தான் தெரியுமாம்.

ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் என்று நம்பி நான் போட்ட போர். வாசலில் நான் வைத்த குழாயில் தெருவே அதைத்தான் பிடித்துக் குடிக்கிறது.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு குடத்தோடு வந்த எங்கள் தெரு மாரியம்மாளிடம், "சோதிக்கிற வரைக்கும் புழங்க மட்டும் பிடி தாயி, பிள்ளைக்குக் குடுக்காத" என்றேன்.

"மொதலாளிக்கு கரண்டு பில்லு கடிக்குதாக்கும்!"

அவள் மகளைப் பல்லைக் காட்டச் சொன்னேன். அதே பழுப்புத் திட்டு. மாரியம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள்.

நாளை பட்டாசுப் பெட்டி லோடை மச்சான் அனுப்பட்டும். நான் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க விருதுநகர் போகிறேன். கெட்டதென்றால் வேறு தண்ணீர் கொண்டுவருவேன், என்னால் முடியும்.

குழாய்க்கு மேலே 'உபயம்' என்று என் பெயர் பெரிதாக இருக்கிறது. அதன் கீழே 'குடிக்க வேண்டாம்' என்று நானே பெயிண்டில் எழுதினேன். பெயரை அழிக்கவில்லை. யாரிடம் வந்து கேட்பது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும்.