தனிப் பாய்

நவம்பர் 9, 2023

இன்றும் என் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையோடு கூடத்தில் தனிப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். கேட்டால் குளிராம். இந்த மலைமேல் மஞ்சக்குட்டையில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இந்த வருஷம்தான் குளிர் தெரிகிறதா?

நவம்பர் 12

துவைக்கலாம் என்று சட்டையை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். "நானே அலசிக்கறேன், நீ போ செல்வி." கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

நவம்பர் 17

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி சொன்னாள்: "ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரர் ஓட்டற சவாரி ஜீப்பு ஏற்காட்டுல மெடிக்கல் முன்னாலயே நிக்குதுங்க. கடையில இருக்கற கவிதாகிட்ட நொம்ப நேரம் பேசறாருங்க."

சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 18

கவிதா. யார் இவள்?

நவம்பர் 20

பஸ் ஏறி ஏற்காடு போனேன். சண்டை போடத்தான். செபாஸ்டின் சம்சாரம் என்று மட்டும் சொன்னேன்; மேலே வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் கவிதாவே, "வாங்கக்கா, செபாஸ்டின் அண்ணனுக்கு நீங்களாவது சொல்லுங்க. படர்தாமரைக் களிம்பா வாங்கிப் பூசறாரு. டாக்டரைப் பாருங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

களிம்பா?

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். சட்டையைக் கழற்றினார். முழங்கையிலும் முதுகிலும் தடித்த சிவப்புத் திட்டுகள். மேலே காய்ந்த சுண்ணாம்பு போல வெள்ளைச் செதில்.

"பெருவியாதின்னு நெனைக்கறேன் செல்வி. உனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான்…"

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தார்.

நவம்பர் 23

சேலத்தில் தோல் டாக்டரம்மா பஞ்சால் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். "தொழுநோயும் இல்ல, படர்தாமரையும் இல்லீங்க. இது சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது."

கிருமியால் வருவதில்லையாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடுமாறிப்போய், தோல் வேகவேகமாக வளர்ந்து உதிர்கிறதாம். குளிரில் கூடும், கவலையில் கூடும். கண்ட களிம்பையும் பூசி நிறுத்தியதில் இன்னும் மோசமாகியிருக்கிறது. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம்.

"அப்ப… இவ பக்கத்துல படுக்கலாங்களா?" என்று கேட்டாரே! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நவம்பர் 26

டாக்டரம்மா சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் குளிக்கும்போது என் முழங்கையைத் தடவிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

டிசம்பர் 8

இன்றைக்கு என் முழங்கையைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்கு மருந்து பூசினேன்.

ஜனவரி 11, 2024

திட்டுகள் வெளிறி வருகின்றன. சந்தைக்குப் போய்விட்டு அவர் ஜீப்பிலேயே பின் சீட்டில் வந்தேன். முன் சீட்டில் ஏறவந்த ஓர் அம்மாள், அரைக்கைச் சட்டையில் கியர் மேல் இருந்த அவர் கையின் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "நான் பின்னாடியே உக்காந்துக்கறனுங்க" என்று நகர்ந்துகொண்டாள். அவர் ரோட்டைப் பார்த்தார்.

நான் இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு என் தோள் அவர் மேல் இடித்துக்கொண்டே வந்தது.