ஒரே நம்பர், இரண்டு தலை

மார்ச் 3

பார்லர் கம்ப்யூட்டரில் தம்பி புது சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போனான். யாருக்கு எந்தச் சாயம், எவ்வளவு நேரம் என்று என் போனில் இருக்கிற குறிப்பெல்லாம் அதில் தானாக வந்து உட்காருமாம். “எல்லாம் கிளவுட்ல இருக்குக்கா, நீ கவலையே படாத.” காலையிலிருந்து திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கவலைப்படவில்லை. எரிச்சல்தான் படுகிறேன்.

மார்ச் 5

வீடு மாறிப்போன பேங்க் அம்மாவைப் போனில் அழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்தார். அங்கே அழித்தேன், போனில் முளைத்தார். மகராசிக்கு ஆயுசு நூறு.

மார்ச் 8

இன்று எல்லா வாடிக்கையாளரும் இரண்டிரண்டாக! போனில் ஒரு தேதி, கம்ப்யூட்டரில் வேறு தேதி. தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ஒரே நம்பர் இருக்கறவங்கள ஒண்ணா சேக்கட்டுமான்னு கேக்கும். ஆமான்னு அழுத்துக்கா, அவ்வளவுதான்.” அழுத்தினேன். பட்டியல் பாதியாகிவிட்டது. அப்பாடா! மனசுக்குள் அவனுக்கு ஒரு சபாஷ் போட்டேன். நேரில் சொன்னால் தலைக்கு ஏறும்.

மார்ச் 11

ஐயோ. ஐயோ. என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

எச்.எம். மேடம் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. இந்தத் தெருவே அவர் சொல்கிற பார்லருக்குத்தான் போகும். காய்ச்சலில் கிடந்தபோது முடியைக் கட்டையாக வெட்டிவிட்டார். தலை முழுக்க வெள்ளை. எப்போதும் கருப்புதான் போடுவார். கம்பெனிக்காரன் இப்போதுதான் சாயக் குழாய் நம்பரையெல்லாம் மாற்றித் தொலைத்தான், அதனால் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். பார்த்தேன், கலக்கினேன், பூசினேன். அலசினால் — செம்பு! புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம்!

அது அவர் மருமகளின் கலர். மருமகள் பல் டாக்டர். எச்.எம். தன் நம்பரை யாருக்கும் தரமாட்டார் என்பதால் மருமகள் நம்பரையே அவருக்கும் எழுதி வைத்திருந்தேன். எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்கிற இரண்டு பேரை ஒரே அழுத்தில் ஒரே ஆளாக்கிவிட்டேனே!

“மேடம், இருங்க, கருப்பாவே மாத்திடறேன்” என்று கெஞ்சினேன். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ம்” என்றார். எழுந்து போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 14

ஈ ஓட்டுகிறேன். ஒருத்தரும் வரவில்லை. சொல்லிவிட்டார், நிச்சயமாகத் தெரு பூரா சொல்லிவிட்டார். இந்தக் கடை போச்சுன்னா நான் எங்கே போவேன்?

“பேக்கப் இருக்குக்கா” என்கிறான் தம்பி.

எச்.எம். தலைக்கு இருக்காடா உன் பேக்கப்?

மார்ச் 16

பல் டாக்டர் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. “எங்க அத்தைக்கு என்ன செஞ்சீங்க?” நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். “வாக்கிங் போனா எல்லாரும் பத்து வயசு கொறஞ்சுட்டீங்கன்றாங்களாம். எப்ப பாரு கண்ணாடி முன்னாடிதான் நிக்கறாங்க. அவங்களும் நானும் ஒரே கலர்லயா? எனக்குக் கருப்பு போடுங்க. கன்னங்கரேல்னு!”

போட்டேன். சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடு.

ஏப்ரல் 2

இந்த வாரம் நாலு பேர் செம்புதான் வேண்டும் என்று வந்தார்கள். நாலுமே எச்.எம். வயசு.

ஏப்ரல் 10

காலையிலேயே தம்பி வந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். “சரி பண்ணிட்டேன்க்கா! அவங்கவங்க பழைய கலர் அவங்கவங்களுக்கே வந்துடுச்சு.”

“டேய், கைய எடுடா!” எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. திரையை அணைத்தேன்.

மத்தியானம் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். அடுத்தடுத்த நாற்காலி. கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் இரண்டு கிண்ணம் கலக்கினேன். இரண்டும் இப்போது எனக்கு மனப்பாடம். மருமகள் தலை அலசப் போன நேரம் பார்த்து எச்.எம். என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பாத்தியா? இப்ப அவதான் எனக்கு மாமியார் மாதிரி இருக்கா.”