ஹவாபாய் உட்கார்ந்த சக்கரம்

காவ்டா, கட்ச், குஜராத்
2-2-1986

சகூராவின் அப்பாவுக்கு ஹவாபாய் சலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம். மகளுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. நீங்கள்தான் இரண்டு மாதமாக ஒரு வரி போடவில்லை. மஸ்கட்டில் மை தீர்ந்துவிட்டதா?

உங்கள் தம்பி உமர் வந்தார். "பானைச் சக்கரம் சும்மாத்தானே கெடக்கு அண்ணி, ரம்ஜானுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். சக்கரம் போனால், அவர் வீட்டுப் பானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு நான் ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதான். வந்ததே கோபம், மறுநாள் நானே அதில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஜனத்தில் பெண் சக்கரம் தொடக்கூடாதுதான், தெரியும். பன்னிரண்டு நாளாகிறது. மண் நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. அழுத்த அழுத்த எகிறுகிறது. நேற்று சுவரில் போய் ஒட்டியது.

திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஹவாபாய்

மஸ்கட்
25-2-1986

அன்பு ஹவாவுக்கு,

நீ எனக்குப் பயப்படுகிறாய். நானோ உனக்குப் பயந்துதான் இங்கே ஓடிவந்தேன். போன வருஷம் ஒட்டக வண்டியிலிருந்து விழுந்தேனே, அதிலிருந்து என் இடது மணிக்கட்டு மண்ணைத் தாங்குவதில்லை. எட்டு வயதிலிருந்து செய்த வேலை, இப்போது மண்ணை நடுவில் நிறுத்த வரவில்லை. சம்பாதிக்கப் போகிறேன் என்று சொன்னது பொய். இந்தக் கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே வருவேன்? சக்கரத்தை உமர் கொண்டுபோகட்டும். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

ஜுசப்

காவ்டா
20-3-1986

சகூராவின் அப்பாவுக்கு,

அட மனுஷா! எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? பானையைச் சுற்றவிட்டு, தூரிகையை அசையாமல் பிடித்துக் கோடு போடுகிறவள் நான். நீங்கள் விழுந்த பிறகு செய்த பானையெல்லாம் ஒரு பக்கம் தூரிகையைத் தள்ளியது, மறுபக்கம் எட்டவில்லை. கோட்டைத் தடிமனாகப் போட்டு மறைத்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அந்தத் தூரிகையை நினைத்தபோதுதான் என் தப்பும் புரிந்தது. நான் மண்ணைத் துரத்திக்கொண்டிருந்தேன். முழங்கையை இடுப்பில் ஊன்றி, தூரிகை பிடிப்பது போலக் கையை அசையாமல் வைத்தேன். மண் தானாக வந்து கைக்குள் அடங்கியது. சத்தியமாக, அழுதுவிட்டேன்.

உமர் வந்தார். சுற்றுகிற மண்மேல் விரல் வைத்துப் பார்த்து, "ஆடவே இல்லையே!" என்றார்.

"கண்ணு வைக்காதீங்க" என்றேன்.

"சரி சரி, சக்கரம் இங்கயே இருக்கட்டும்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கை போனால் போகட்டும், நீங்கள் வாருங்கள்.

ஹவாபாய்

மஸ்கட்
11-4-1986

அன்பு ஹவா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், நோன்புக்கு முன்னே வந்துவிடுவேன்.

நீ சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டால் வண்ணம் தீட்டுவது யார்? எனக்கு வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. தூரிகையை என்னிடம் கொடு. பெண்கள் வேலை என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ மட்டும் என் கோட்டைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் ஜுசப்